செவிட்டு இன்னாசி

மாலையை மடியில் வைக்காதீங்க அண்ணாச்சி, சூட்டில் வாடிப்போகும். அந்தக் கம்பியில் மாட்டுங்க. ஜன்னல் காத்து படட்டும். தாழைத்துறைக்குத்தானே? மாலையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு இந்த பஸ்ஸில் மாலையோடு ஏறுகிறவன் எல்லாம் இன்னாசி வீட்டுக்குத்தான் போவான். நானும் அங்கேதான்.

நீங்க அவனுக்கு என்ன வேணும்? சரி, சரி. சொந்தம். தலையை ஆட்டினாலே போதும். இந்த பஸ் போடுகிற இரைச்சலில் நீங்க தொண்டை கிழியக் கத்த வேண்டாம். இப்போ எல்லாருமே வாய்க்குள்ளேயே முனகுறாங்க. டிரைவர், டீக்கடைக்காரன், என் வீட்டுக்காரி, எல்லாருக்கும் இந்த வியாதி வந்துவிட்டது. நீங்க கேளுங்க, நான் பேசுறேன். எனக்கு அதுதான் தோது.

நான் மாசானம். பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. எம்.ஐ. டிஜே. எம் நான், ஐ அவன். மாசானம், இன்னாசி. திருச்செந்தூரிலிருந்து உவரி வரைக்கும் கடற்கரை ஊரானாலும் சரி, உள்ளே செம்மணல் தேரிக்காட்டு ஊரானாலும் சரி, கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, தேர், எங்க செட் இல்லாமல் நடந்ததில்லை. முதலில் வெறும் மைக்செட்தான். ஸ்பீக்கர் குழாயும் ரெக்கார்டும். அப்புறம் கேசட். அப்புறம் ஊரெல்லாம் டிஜே டிஜே என்று ஆனபோது அவன்தான் சொன்னான், "வே மாசானம், நாமளும் டிஜே ஆயிருவோம் வே."

"ரெண்டு பேருக்கும் தலை நரைச்சாச்சு. டிஜேன்னு போர்டு வச்சா சிரிப்பானுவ வே" என்றேன்.

"சிரிக்கட்டுமே. சிரிக்கத்தான நம்மளக் கூப்பிடுதான்?"

மதுரைக்குப் போய்ப் பெரிய பெட்டி, மிக்சர், சுத்துகிற கலர் லைட் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தோம். கறுப்புக் கண்ணாடி ஒன்றை அவன் போட்டுக்கொண்டான், இன்னொன்றை எனக்குப் போட்டுவிட்டான். என் வீட்டுக்காரி பேச்சி பார்த்துவிட்டு, "தர்மாஸ்பத்திரியில கண்ணு ஆப்பரேசன் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கு ரெண்டு பேரும்" என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கு நல்லாத்தான் இருந்தோம்.

இன்னைக்கு நான் எதுக்குப் போறேன் தெரியுமா? அழுறதுக்கு இல்லை. அந்த ஆள்கிட்ட நான் ஆறு வருசமாகப் பேசினதில்லை. ஒரு வார்த்தை பேசினதில்லை. அதில் மாத்தம் கிடையாது, அவன் செத்துட்டான் என்கிறதுக்காக என் கோபம் சாகாது. ஆனால் அவன் சாவுக்குப் பாட்டு நான்தான் போடணும். அதுக்குத்தான் போறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. வேற செட்டுக்குத்தான் சொல்லியிருப்பாங்க. வாலிபத்திலிருந்து அவன் பேச்சுக்கு முன்னாலும் பின்னாலும் பாட்டு போட்டவன் நான். அவனை எடுக்கிற அன்றைக்கு எவனோ ஒருத்தன் போடுவானா? கோபம் வேற, இது வேற. போவேன், செட்டுக்காரனை எழுப்பிவிடுவேன், உட்காருவேன், போடுவேன், சவப்பெட்டி கல்லறைக்குப் போனதும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். அவன் முகத்தைக்கூடப் பார்க்கணும் என்று இல்லை.

விடுவாங்களா என்கிறீங்களா? அதுதான் எனக்கும் கொஞ்சம் யோசனையா இருக்கு. விடணும்.

நாங்க வேலை செய்கிற விதத்தைச் சொல்றேன், அப்போதான் என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும். மேசையில் இடது பக்கம் நான். பாட்டு எடுக்கிறது, சத்தத்தை ஏத்துறது, இறக்குறது எல்லாம் என் கை. வலது பக்கம் அவன். மைக் அவன் கை. நான் அஞ்சாம் வகுப்பு. அவன் பள்ளிக்கூடத்து வாசலோடு சரி. ஆனால் மைக்கைப் பிடிச்சான் என்றால் வக்கீல் தோத்துப் போவான். கல்யாண வீட்டு வாசலில் யார் வந்தாலும் அவங்களுக்கென்று ஒரு வார்த்தை வச்சிருப்பான். "மாப்பிள்ளையின் தாய்மாமா வந்துகொண்டிருக்கிறார், அவர் நடக்கும் வேகத்தைப் பார்த்தால் மணமேடையைத் தாண்டி நேராகப் பந்திக்கே போகிறார் என்று தெரிகிறது" என்பான். அந்தத் தாய்மாமாவே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு சிரிப்பார். அவன் வாயை மூடவும் என் பாட்டு எழும்பும். நடுவில் ஒரு தும்மல் போட இடம் இருக்காது. "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்களா?" என்று கேட்பாங்க. "ஆமா, மாசானம் மூத்தவன், அதான் வெரசாக் கிழண்டுட்டான்" என்பான். பொய். அவன்தான் என்னைவிட மூப்பு. பொய் சொல்றதில் அவனுக்குக் கூச்சமே கிடையாது. அதை மனசில் வச்சுக்குங்க.

அப்படி இருந்தவன் ஒரு கட்டத்தில் மாற ஆரம்பித்தான்.

முதலில் தொடையில் தட்ட ஆரம்பித்தான். நான் பாட்டை மாத்துகிற நேரம் பார்த்து, மேசைக்கு அடியில் என் தொடையில் ஒரு தட்டு. இறக்கணும் என்றால் ரெண்டு தட்டு. எனக்குச் சுர்ரென்று வரும். என்னலே இது, நான் என்ன வண்டி மாடா, வாலைத் திருகுற மாதிரி தட்டுறான்? "கையை எடு வே" என்பேன். எடுப்பான். அடுத்த பாட்டுக்கு மறுபடியும் தட்டுவான்.

அப்புறம் என் மிக்சரிலேயே கை வைத்தான். நான் ஏத்தினதை அவன் இறக்குவான். ஜனத்துக்கு நெஞ்சில் இடிச்சால்தான் அது டிஜே. இவன் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, பின்னால் கையை விட்டு இறக்குகிறான். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டு மறுபடியும் ஏத்துவேன். ஒரு சடங்கு வீட்டில் பந்தல் சீலை கிழிகிற அளவுக்கு ஏத்தினேன் என்று புகார் வந்தது. பெரிய ஆளுங்க காதைப் பொத்திக்கொண்டு ஓடினாங்களாம். நான் பார்த்தேன், ஓடினாங்கதான். ரசனை இல்லாத ஜனம்.

அப்புறம் கத்த ஆரம்பித்தான். இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம். நாலு பேர் முன்னால் என் முகத்துக்கு நேராக வந்து, நரம்பு புடைக்க, "மாசானம்! டீ குடிக்கியா?" என்று கத்துவான். டீ குடிக்கிறியா என்று கேட்க ஒரு மனுசன் இப்படிக் கத்துவானா? சண்டை போடுகிறோம் என்று பக்கத்துப் பந்தலில் இருந்து விலக்கிவிட வந்துட்டாங்க ஒரு தடவை. "ஏன் வே கத்துத?" என்றால், என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கூட்டிப் போவான். அடிக்கிறதையும் அடிச்சுட்டு மருந்து போடுறது என்பது இதுதான்.

அதுக்கு நடுவில் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனான். பேச்சியும் அவனும் சேர்ந்து போட்ட திட்டம். காதுக்குப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா. எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்தான், மறைக்கவில்லை. குழாய்க்கு அடியிலேயே வாழ்ந்தவனுக்கு அது இருக்கும். அந்தம்மா என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கிறப்போ கையைத் தூக்குங்க என்று சைகை காட்டினாங்க. நான் யாரு? சத்தத்திலேயே பிழைச்சவன். எனக்கா சோதனை? நான் தூக்கின கையை இறக்கவே இல்லை. அந்தம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. அவ்வளவு சீக்கிரம் பாஸ் பண்ணின ஆளைப் பார்த்திருக்க மாட்டாங்க.

அப்புறம் இன்னாசியைத் தனியாகக் கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினாங்க. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முந்தின நாள் கச்சேரி, தூக்கம் இல்லை. என் காதுகிட்ட வாயை வைத்து, "ஒண்ணுமில்ல வே. அழுக்கு அடைச்சிருக்காம். எண்ணெ விட்டாப் போயிருமாம்" என்றான். பார்த்தீங்களா? நானும் அதைத்தான் சொன்னேன். அதுக்கு எதுக்குத் திருநெல்வேலி வரைக்கும்? வருகிற வழியில் அல்வாக் கடையில் நிறுத்தி ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் திணித்தான். பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். பேச வேண்டியதுதானே? அவன் இஷ்டத்துக்குக் கத்துவான், அவன் இஷ்டத்துக்கு ஊமையாவான்.

எண்ணெய் விட்டேன். விட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இதெல்லாம் சின்ன விஷயம் அண்ணாச்சி. மன்னிச்சிருப்பேன். நான் மன்னிக்காதது தாழைத்துறை மாதா கோயில் தேர்.

அந்தத் தேர் ஓட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீங்க வெளியூர், தெரிஞ்சிருக்காது. தேருக்கு முன்னால் மினி லாரியில் எங்க பெட்டிகள் போகும். நாங்க லாரி மேலேயே மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். பின்னால் ஜனம் வடம் பிடிச்சு இழுக்கும். தேரை நிறுத்தணும் என்றால் சக்கரத்துப் பக்கம் இருக்கிற ஆள் விசில் அடிப்பான். அந்த விசில் இழுக்கிற ஜனத்துக்கு இல்லை. அத்தனை பேர் போடுகிற கூச்சலில் அவங்களுக்கு எங்கே கேட்கப்போகுது? அது எங்களுக்கு. விசில் கேட்டதும் நாங்க பாட்டைப் பொட்டென்று வெட்டணும். பாட்டு நின்றால் வடம் நிற்கும். ஜனத்துக்கு அதுதான் கணக்கு. என் பாட்டுதான் அந்தத் தேருக்கு பிரேக். அப்படி ஒரு கவுரவம் எங்களுக்கு அந்த ஊர் கொடுத்திருந்தது.

அந்த வருசம், கடற்கரைத் தெரு திரும்புகிற இடத்தில், இவன் லாரியை விட்டு இறங்கிவிட்டான். பங்குச் சாமியார் கூப்பிட்டாராம், ஏதோ அறிவிப்பு சொல்லணுமாம். என்னிடம் வந்து விரலைக் காட்டி, "விசில், விசில், அந்த ஆளையே பாத்துக்கிட்டு இரி, கண்ண எடுக்காத" என்று கத்திவிட்டு இறங்கினான். எனக்குச் சொல்லித்தர்றான்! அந்த ஊர்த் தேருக்கு எத்தனை வருசமாகப் பாட்டு போடுறவன் நான்! கடுப்பில் நான் அந்த ஆள் பக்கமே திரும்பவில்லை. அடுத்த பாட்டைப் போட்டேன். ஜனம் கையை உயர்த்தி உயர்த்தி ஆடுகிற மாதிரி தெரிந்தது. அட, இந்தப் பாட்டுக்கு இவ்வளவு உற்சாகமா என்று இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். இன்னும் கையை உயர்த்தினாங்க. இன்னும் ஏத்தினேன்.

இன்னாசி எங்கிருந்தோ பாய்ஞ்சு வந்தான். வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் டவுசரோடு ஓடி வந்தான். ஜெனரேட்டரிலிருந்து ஒயரைப் பிடிச்சுப் பிடுங்கி எறிந்தான். மேசையில் இருந்த லைட் எல்லாம் செத்துப்போச்சு. நான் எழுந்து நின்று, "என் பாட்டை நிறுத்த நீ யாருவே?" என்று கேட்டேன். அப்புறம்தான் பின்னால் பார்த்தேன். சக்கரத்துக்குக் கிட்டே ஜனம் குனிஞ்சு நிற்குது. தொம்மை என்று ஒரு ஆள். கால் மாட்டிக்கிட்டது. பாதத்தில் பாதி போச்சு. பிழைச்சுக்கிட்டான். இப்பவும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான், பாவம்.

அன்றைக்குச் சாயந்திரமே ஊர்க் கமிட்டி கூடிச்சு. கோயில் முற்றத்தில் மொத்த ஊரும் நின்றது. என்னையும் உட்கார வச்சிருந்தாங்க. விசில் அடிச்ச ஆள் எழுந்து என்னைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பிச்சான். அவன் முடிக்கும் முன்னால் இன்னாசி எழுந்துவிட்டான். மைக்கை வாங்கிக்கொண்டான். அதனால் அவன் சொன்னது எனக்கும் நல்லா விழுந்தது, எங்க பழைய குழாய் என் தலைக்கு மேலேதான் கட்டியிருந்தது.

"மாசானத்த ஒண்ணும் சொல்லாதீங்க. விசில் பாக்கது என் பொறுப்பு. எனக்குக் கொஞ்ச நாளாக் காது கேக்கல. நான் வெளிய சொல்லல. மறைச்சிட்டேன். டாக்டரும் சொல்லியாச்சு, இனிமே திரும்பாதாம். தொம்மை கால் என்னாலதான் போச்சு."

சொல்லிவிட்டுத் தொம்மையின் அப்பா காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எத்தனை கல்யாண வீட்டில் ராஜா மாதிரி நின்று பேசினவன். மண்ணில் கிடந்தான்.

எனக்கு அப்போ என்ன தோணிச்சு தெரியுமா? சரியாத்தான் சொல்றான், இவன் தப்புத்தான். இறங்கிப் போனவன் அவன்தானே? அப்படித்தான் நினைச்சேன். ஆனால் அந்தக் காது விஷயம்! அண்ணாச்சி, அந்த ஆளுக்குக் காது பூனைக் காது. கடலில் வள்ளம் வருகிறதை இஞ்சின் சத்தத்தை வச்சு யாருடைய வள்ளம் என்று சொல்லுவான். அவனுக்கா காது கேட்காது? பச்சைப் பொய். தண்டனையில் இருந்து தப்பிக்கப் போட்ட வேஷம்.

அதோடு விட்டானா? மறுநாளே, "வே, நம்ம தொழில் முடிஞ்சது. செவிடன வச்சிக்கிட்டு எவன் டிஜேயக் கூப்பிடுவான்? வித்துருவோம்" என்று என் வீட்டு வாசலில் நின்று கத்தினான். "நீ செவிடா இருந்தா நீ போ வே, நான் தனியாப் பாத்துக்கிடுதேன்" என்றேன். "நீ இல்லாம நான் இல்ல, நான் இல்லாம நீ இல்ல, அதான பேச்சு" என்றான். பெட்டி, மிக்சர், ஒயர், கலர் லைட்டு, எல்லாத்தையும் வெளியூர்ப் பார்ட்டிக்குத் தள்ளிவிட்டான். வண்டியில் ஏத்துகிறப்போ நான் மிக்சரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு விடமாட்டேன் என்றேன். என் விரலை ஒவ்வொன்றாகப் பிரிச்சு எடுத்தான் அண்ணாச்சி. சின்னப் பிள்ளை கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி.

அன்றைக்கு விட்டதுதான் பேச்சு.

நான் நல்லா இருந்தேன். என் கைக்கு வயசே ஆகவில்லை. இன்னும் எத்தனையோ மேடை பார்த்திருப்பேன். ஒரு பொய்யைச் சொல்லி என்னை வீட்டில் உட்கார வச்சுட்டான். சினேகிதன் செய்கிற காரியமா இது?

அவன் விடாமல் வருவான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிஞ்சதும், பஸ் பிடிச்சு, தூக்குவாளியில் மீன் எடுத்துக்கொண்டு எங்க வீட்டுக்கு வருவான். எனக்குப் பிடிக்கும் என்று சீலாவும் ஊளியும் தேடி எடுத்து வருவான். பேச்சியிடம் கொடுப்பான். எனக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்காருவான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவேன்.  வெயில் தாழ்ந்ததும் எழுந்து போவான். என்ன சிரிக்கிறீங்க? ஆமா, மீனைச் சாப்பிட்டேன். மீன் என்ன பாவம் பண்ணிச்சு?

ஊரில் அவனுக்கு "செவிட்டு இன்னாசி" என்றே பேராகிப்போச்சு. அவனும் அந்த வேஷத்தைக் கடைசி வரைக்கும் விடவில்லை. யாராவது பேசினால் காதுக்குப் பின்னால் கையைக் குவிச்சு, "ஆ? ஆ?" என்பான். கல்யாணத்தில் வெறும் மைக் பிடிச்சுப் பேச மட்டும் வரச்சொல்லிக்கூட அவனிடம் ஆள் வந்தாங்க, "காது கேக்காதவன் என்னத்தப் பேச" என்று அனுப்பிவிட்டான். பேச்சிலேயே பிறந்தவன். அப்புறம் ஒரு மேடையிலும் ஏறவில்லை.

ஆனால் நான் கண்டுபிடிச்சேன். எங்கிட்ட வேஷம் எடுபடுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பஸ் ஏத்திவிடச் சொல்லிப் பேச்சி என்னையும் பிடிச்சுத் தள்ளினாள். அவனுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நடந்து போனேன். பின்னால் வந்த பயல்கள் ரெண்டு பேர் வாயைக் குவிச்சு ஏதோ சொன்னாங்க, அவங்க வாய் போகிற தினுசிலேயே தெரிஞ்சது, "செவிட்டு இன்னாசி"தான். அவன் திரும்பவில்லை. ஆனால் நான் பக்கவாட்டில் அவன் முகத்தைப் பார்த்தேன். சுருங்கிப்போச்சு. அப்படியே வெயிலில் போட்ட கருவாடு மாதிரி சுருங்கிப்போச்சு. கேட்காதவனுக்கு முகம் ஏன் சுருங்குது? சொல்லுங்க. அதுதான் சாட்சி.

டீக்கடையில் வச்சு எல்லாரிடமும் சொன்னேன். இன்னாசிக்குக் காது கேட்கும், நடிக்கிறான், ஊரை ஏமாத்துறான் என்று சொன்னேன்.  எல்லாரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாங்க. தொம்மையும் அன்றைக்கு ஏதோ வேலையா எங்க ஊருக்கு வந்து, அங்கேதான் கம்பை வச்சுக்கொண்டு இருந்தான். எழுந்து வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவனுக்குத்தான் விஷயம் புரிஞ்சது என்று நினைக்கிறேன்.

இன்னாசி வீட்டுக்காரி மிக்கேலம்மா, போன தவசு காலத்தில், அதான் ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாளில், தனியாக எங்க வீட்டுக்கு வந்தாள். அப்பவே அவனுக்கு நெஞ்சு சரியில்லை, படுத்துவிட்டான், மீன் வரத்தும் நின்றுபோச்சு. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். கோபமாகப் பேசினாள். என்னைக் காட்டினாள், என் காதைக் காட்டினாள், அப்புறம் கிழக்கே அவங்க வீட்டுத் திசையைக் காட்டினாள். நெஞ்சில் அடிச்சுக்கிட்டாள். பேச்சி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "வேண்டாம்" என்கிற மாதிரி தலையை ஆட்டி ஆட்டி அழுதாள் பேச்சியும். ரெண்டு பொம்பளைகளும் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. நான் என்ன செய்யட்டும்? "சரி தங்கச்சி, சரி தங்கச்சி" என்றேன். புருசன் பொய்யன் என்று தெரிஞ்சால் எந்தப் பொம்பளைக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கும். நான் அவளைக் குறை சொல்லவில்லை.

நேற்று பேச்சி வந்து என் முன்னால் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டினாள். அப்புறம் கண்ணை மூடிக் காட்டினாள். எங்க வீட்டில் இப்போ எல்லாரும் கையாலேதான் பேசுறாங்க, வாயைத் திறக்கச் சோம்பல். எனக்குப் புரிஞ்சுபோச்சு.  சோறு போடச் சொன்னேன். சாப்பிட முடியவில்லை. உப்பு கூட இருந்திருக்கும்.

என்ன அண்ணாச்சி, கண்ணைத் துடைக்கிறீங்க? தூசியா? ஜன்னலைச் சாத்திவிடுங்க. வந்துட்டோம் பாருங்க, கோயில் கோபுரம் தெரியுது. மாலையை எடுத்துக்குங்க. இறங்குங்க, இறங்குங்க, பார்த்து.

இதுதான் தெரு. ஜனத்தைப் பார்த்தீங்களா? அவன் பேச்சைக் கேட்டவங்க எல்லாரும் வந்துட்டாங்க. பூவரசில் குழாய் கட்டியிருக்காங்க பாருங்க. நல்ல குழாய்தான். ஆனால் என்ன பிரயோசனம்? ஆன் பண்ணவே இல்லையே! ஒரு முனகல்கூட இல்லை. நான் பயந்த மாதிரியே ஆச்சு. இன்னாசி வீட்டுச் சாவு, ஒரு பாட்டு இல்லை. அந்த மனுசனை இப்படிச் சும்மா போட்டு வச்சிருக்காங்களே. தெரு முழுக்க இப்படி அமுங்கிக் கிடக்கலாமா? அவன் இருக்கிற இடம் என்றைக்காவது இப்படி இருந்திருக்கா?

ஏன் கையைப் பிடிக்கிறீங்க? குழாயையே காட்டுறீங்களே, அதைத்தானே நானும் சொல்றேன். விடுங்க அண்ணாச்சி. நான் போய்ப் பார்க்கணும்.

எல்லாரும் வழி விடுறாங்க பார்த்தீங்களா? மரியாதை. மாசானம் யாரென்று தெரியும் இவங்களுக்கு. செட்டுக்காரன் இந்தத் தம்பிதானா? தம்பி, எழுந்திரிங்க. நான் போடுறேன். எழுந்திரிங்கன்னு சொல்றேன். மிக்கேலம்மா வர்றா. தங்கச்சி, நான் உள்ளே வரமாட்டேன், பாட்டு மட்டும் போட்டுட்டுப் போயிடறேன், இவனை எழுந்திருக்கச் சொல்லு. பார்த்தீங்களா அண்ணாச்சி, அவ சொன்னதும் எழுந்துட்டான். அவ கையாலேயே நாற்காலியை இழுத்துப் போடுறா. நான் சொன்னேன்ல, விடுவாங்கன்னு.

எங்கே, பார்க்கலாம். சுவிட்சு போட்டிருக்கு. பாட்டு ஓடுது. மிக்சரில் சத்தத்துக்குத் தக்கபடி லைட்டு குதிக்குது.

பச்சை, பச்சை, சிவப்பு. பச்சை, பச்சை.

நல்லாத்தான் குதிக்குது. பாட்டு போய்க்கிட்டுத்தான் இருக்கு. இங்கே ஒரு குறையும் இல்லை.

ஏன் எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க?

ஒயர். ஒயர்தான். இங்கேயிருந்து குழாய்க்குப் போகிற ஒயர் எங்கேயோ விட்டிருக்கு. வேற என்ன? விலகுங்க, விலகுங்க, காலை எடுங்கம்மா. இப்படியே கையில் பிடிச்சுக்கொண்டு போனால் விட்ட இடம் தெரிஞ்சுரும். நாற்காலிக்கு அடியில் போகுது. இங்கே சரியா இருக்கு. வாசல் நிலையைச் சுத்திப் போகுது. இங்கேயும் சரியா இருக்கு. யாரு வாசலுக்குள்ளே ஒயரை இழுத்தது? இதோ, அவன் சவப்பெட்டி வச்சிருக்கிற பெஞ்சுக் காலுக்குக் கீழே போகுது.

இருவே இன்னாசி. கொஞ்சம் இரி. இப்பச் சரி பண்ணிருதேன்.